கட்டைவிரலும் ஒரு பல்லாங்குழிப் பலகையும்

போன தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து வந்த பேரன், வலது கட்டைவிரலைச் சுற்றிப் பட்டை போட்டுக்கொண்டு வந்தான். என்னடா ஆச்சு என்றால் ஜிம்மில் ஆன காயம் என்றான். பத்துக் கிலோ இரும்புத் தட்டுகள் இரண்டை, வழவழப்பான பக்கம் வெளியே இருக்கும்படி ஒன்றாகச் சேர்த்து, கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற நான்கு விரல் மறுபக்கம் வைத்து ஒரே கையால் கவ்வித் தூக்க வேண்டுமாம். பிடிக்கக் கைப்பிடி கிடையாது, விரலைக் கொக்கி மாதிரி மடக்கவும் வழியில்லை.

"இதுக்குப் பேரு பிஞ்ச் கிரிப், தாத்தா."

"முன்னாடி வார்ம்-அப் பண்ணினியா?"

"தோளுக்கும் காலுக்கும் பண்ணினேன். விரலுக்கெல்லாமா வார்ம்-அப் பண்ணுவாங்க?"

நான் சிரித்தேன். சிரிக்க எனக்கும் யோக்கியதை இல்லை என்பது வேறு விஷயம். அதே வாரம் என் கட்டைவிரலும் வீங்கித்தான் இருந்தது.

முப்பத்தெட்டு வருஷம் வங்கியில் வேலை பார்த்தேன், அதில் பாதிக்கு மேல் காசாளர் நாற்காலியில். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் நோட்டுகளைக் கட்டைவிரலால் தள்ளியிருப்பேன் என்று கணக்கு வைத்ததில்லை. எழுபது வயதைத் தாண்டியதும் கட்டைவிரலின் அடி மூட்டு வலிக்க ஆரம்பித்தது. முதலில் ஊறுகாய் பாட்டில் மூடி, அப்புறம் கதவுச் சாவி, அப்புறம் சட்டைப் பொத்தான், கடைசியில் மாத்திரை அட்டை. மாத்திரையைப் பிதுக்க முடியாமல் மனைவியிடம் அட்டையை நீட்டிய அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, மூட்டுத் தேய்மானம், பிசியோதெரபிக்குப் போங்கள் என்றார். அங்கே இருந்த பெண்ணுக்கு என் பேத்தி வயதுதான் இருக்கும். மேஜை மேல் இருந்த ஒரு காகிதத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடிக்கச் சொல்லி, மறுமுனையை இழுத்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "விரல் நுனியில ஒரு கிலோ அளவுக்கு அழுத்தினா, கட்டைவிரலோட அடி மூட்டுல பன்னிரண்டு கிலோ இறங்கும் சார்." வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். 1977-ல் கூனி, சாவ் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் போட்ட கணக்கு அது. நான் தள்ளிய ஒவ்வொரு நோட்டுக்கும் அந்த மூட்டு பன்னிரண்டு மடங்கு வாங்கியிருக்கிறது.

பயிற்சியாக அவள் கொடுத்தது இவ்வளவுதான். காலையில் பத்து நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணீரில் கை. அப்புறம் மெதுவாக விரித்து மூடுவது. கட்டைவிரல் நுனியால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொட்டு 'ஓ' மாதிரி ஒரு வளையம் போடுவது. வளையம் வட்டமாக இருக்க வேண்டும், கட்டைவிரல் உள்ளே மடிந்து சப்பையாகக் கூடாது. அது பழகிய பிறகு ஸ்பாஞ்சை ஐந்து எண்ணும்வரை அழுத்தி விடுவது. அதற்கும் பிறகுதான் துணி காயப்போடும் கிளிப். வலித்தால் நிறுத்திவிட வேண்டும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மூன்றாம் நாளே வெந்நீரை விட்டுவிட்டு நேராகக் கிளிப்புக்குப் போனேன். அதுவும் குளிரான ஒரு காலையில். குளிரில் தசை சுறுசுறுப்பாகச் சுருங்காது, விரல் கயிறுகள் அவற்றின் உறைக்குள் சரியாக வழுக்காது, மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பு நீரும் கெட்டியாகக் கிடக்கும். மறுநாள் பல் துலக்கும் பிரஷைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

இதில் வெட்கப்பட இன்னொரு காரணமும் உண்டு. வெந்நீர், எண்ணெய், அதன் பிறகே பயிற்சி என்ற இந்த வரிசையை நான் முதன்முதலில் பார்த்தது பன்னிரண்டு வயதில், குடியாத்தத்தில், எங்கள் தெருக் கோடியில். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் தெருவில் ஒரு டெய்லர் இருந்தார். பையன்கள் எல்லாம் டெய்லர் மாமா என்போம். பள்ளிக்கூடக் காக்கி நிஜார் முதல் கல்யாண ஜாக்கெட் வரை அவரிடம்தான். 1962 வாக்கில் அவர் வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்க ஆரம்பித்தன. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதைப்பற்றாக இருக்குமே, அந்த இடம் குழி விழுந்தது. நீங்களும் இப்போது இரண்டு விரலையும் சேர்த்து அழுத்திக்கொண்டு, மறு கையால் அந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். ஒரு தசை திரண்டு எழும்பும். கிள்ளுப்பிடிக்கு வலு தருகிற தசைகளில் அதுவும் ஒன்று. அவருக்கு அது போய்விட்டது. ஊசி விரலில் நிற்கவில்லை. கத்தரிக்கோல் நழுவியது. தெருவில் குசுகுசுத்தார்கள். அப்போது யாரும் தொழுநோய் என்று சொல்வதில்லை. பழைய சொல்லைத்தான் சொன்னார்கள், அதையும் குரலைத் தாழ்த்தி.

எங்கள் தாலுகாவில் அந்த நோய் அதிகம். கரிகிரி மருத்துவமனை ஊழியர்கள் ஊர் ஊராக வந்து, முதுகையும் கையையும் பார்த்து, மாத்திரை கொடுத்துப் போவார்கள். மாத்திரை கிருமியைக் கொல்லும். ஆனால் மடங்கிய விரலை நிமிர்த்தாது. நோய் தீர்ந்த பிறகும் கை அப்படியே நின்றது, அந்தக் கைக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை.

இந்தக் கையை என்ன செய்யலாம் என்று யோசித்தவர் பால் பிராண்ட். 1914-ல் நம் கொல்லிமலையில் மிஷனரித் தம்பதிக்குப் பிறந்தவர். ஒன்பது வயதில் இங்கிலாந்துக்குப் போய், முதலில் தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்று, அப்புறம்தான் மருத்துவம் படித்தார். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். அடுத்த வருஷம் செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தைப் பார்க்கப் போனார். அங்கே இருந்தவர் தொழுநோய் மருத்துவத்தில் பெயர்பெற்ற ராபர்ட் காக்ரேன். விரல்கள் கொக்கியாக மடங்கிய ஒருவரிடம் பிராண்ட் தன் கையைக் கொடுத்து, முடிந்தவரை அழுத்துங்கள் என்றார். செத்த கை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதர் அழுத்திய அழுத்தில் பிராண்டுக்கு வலித்தது, நகங்கள் பதிந்தன.

அந்த வலியில்தான் எல்லாம் தொடங்கியது. இவ்வளவு வலு எங்கிருந்து வருகிறது? நோய்க் கிருமிக்குச் சற்றுக் குளிர்ந்த இடங்கள் பிடிக்கும். நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடும் இடங்கள் அப்படிப்பட்டவை. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுர்ரென்று மின்சாரம் பாயுமே, அந்த நரம்பு அங்கே கெடும். மணிக்கட்டில் இன்னொரு நரம்பு கெடும். அதனால் உள்ளங்கைக்குள் இருக்கும் சின்னத் தசைகள் விழுந்துவிடும். முன்கையில் இருக்கும் பெரிய தசைகளில் பலவும் நன்றாகவே இருக்கும். ஆக, வலு இருக்கிறது, வேண்டிய இடத்துக்குத்தான் அது போய்ச் சேரவில்லை.

தச்சு வேலை கற்றவர் இல்லையா, வேலை செய்யும் கயிற்றை வேலை செய்யாத இடத்துக்கு மாற்றிக் கட்டலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். தசையை எலும்போடு கட்டும் நாணை எடுத்து வேறு விரலுக்கு மாற்றித் தைக்கும் முறை, போலியோவிலும் அடிபட்ட கைகளிலும் மேல்நாட்டில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. தொழுநோய்க் கையில் செய்யலாம், புண் ஆறும் என்று காட்டியது வேலூர். 1948-ல் அறுவைகள் தொடங்கின. 1955-ல் கரிகிரி மருத்துவமனை வந்தது.

கத்தி வேலையைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். பிறகு நடந்த பயிற்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு என்பது என் ஆதங்கம். கட்டைவிரல் மற்ற விரல்களை எதிர்கொண்டு நிற்க, வழக்கமாக மோதிர விரலை மடக்கும் நாண்களில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்குக் கொண்டுபோவார்கள். மோதிர விரலுக்கு இன்னொரு நாண் இருப்பதால் அது பிழைத்துக்கொள்ளும். மூன்று வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று கட்டைவிரலை அசை என்றால் அசையாது. ஏனென்றால் மூளைக்கு விஷயம் தெரியாது, அது இன்னும் பழைய முகவரிக்கே தபால் போட்டுக்கொண்டிருக்கும். மோதிர விரலை மடக்குவதாக நினை என்பார்கள். நினைத்தால் கட்டைவிரல் வந்து நிற்கும்! டெய்லர் மாமா இதை எங்களுக்குச் செய்து காட்டி, "எங்க நெனச்சா எங்க ஆடுது பாரு" என்று தானே சிரிப்பார். அவர் கரிகிரியில் சில மாதம் இருந்துவிட்டு 1964 கோடையில் திரும்பியிருந்தார்.

தினமும் காலையில் அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு அலுமினியச் சட்டியில் தண்ணீர் வைப்பார்கள். மருத்துவமனையில் என்றால் உருக்கிய மெழுகு. ஐம்பது டிகிரிக்குச் சற்று மேலான சூட்டில் கையைத் தோய்த்துத் தோய்த்து எடுத்தால் மெழுகு கையுறை மாதிரி படிந்துகொள்ளும், சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடும். பாரஃபின் மெழுகுக்கு அந்தக் குணம் உண்டு. வீட்டில் மெழுகுக்கு எங்கே போவது? தண்ணீர்தான். அவர் மனைவி முதலில் தன் கையை முழுசாக விட்டு, கொஞ்ச நேரம் வைத்திருந்து பார்த்த பிறகே, "விடுங்க" என்பார். அவராகச் சூடு பார்க்க முடியாது. கொதிக்கும் தண்ணீரானாலும் அவர் கைக்குத் தெரியாது. இந்த ஒரு காரியத்தை அந்த அம்மா ஒரு நாளும் அவசரமாகச் செய்து நான் பார்த்ததில்லை.

ஊறின கையில் எண்ணெய் தேய்ப்பார். வியர்வை வராத தோல் காய்ந்து வெடிக்கும், வெடித்தால் புண், புண் என்றால் விரல் குறையும். அப்புறம் இடது கையால் வலது விரல்களை ஒவ்வொன்றாக நீவி நிமிர்த்துவார். இவ்வளவும் முடிய அரை மணி நேரம் ஆகும். அதன் பிறகுதான் கிள்ளுப்பிடி. முதலில் களிமண் உருண்டை. நாலைந்து வாரம் கழித்துப் புளியங்கொட்டை.

புளியங்கொட்டை என்றதும் எனக்கு யோசனை வந்தது. எங்கள் வீட்டில் அக்காவின் பல்லாங்குழிப் பலகை சும்மாக் கிடந்தது. கொட்டையை எடுத்துக் குழியில் போட இதைவிட வாகானது எது? ஒருநாள் சாயங்காலம் அம்மாவுக்குத் தெரியாமல் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். பதினான்கு குழியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவார், திரும்ப எடுப்பார். அவர் விரலுக்குத் தொடு உணர்ச்சி இல்லாததால் கொட்டை விரலில் இருக்கிறதா விழுந்ததா என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும். இருட்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது. இரண்டு மாதத்தில் கொட்டைக்குப் பதில் பொத்தான் போட ஆரம்பித்தார்.

பிடி வலுத்துவிட்டது. வலுத்ததும் வேறொரு ஆபத்து வந்தது. இதையும் வேலூரில் பிராண்ட் முன்பே பார்த்திருந்தார். ஒருமுறை பண்டக அறையின் துருப்பிடித்த பூட்டு அவருக்குத் திறக்கவில்லை. நோஞ்சானான ஒரு நோயாளிச் சிறுவன் வந்து சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். இவனுக்கு இவ்வளவு பலமா என்று ஆச்சரியப்பட்டவர் கீழே ரத்தம் சொட்டுவதைப் பார்த்தார். சாவி அவன் விரலை எலும்பு தெரியக் கிழித்திருந்தது. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. நமக்கு வலி ஒரு எல்லை போடுகிறது, அதற்கு மேல் அழுத்தவிடாது. அவனுக்கு அந்த எல்லை இல்லை. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழும் என்று காலங்காலமாக நம்பியது தப்பு, தெரியாமல் ஏற்படும் காயங்களால்தான் விரல் தேய்ந்து குறைகிறது என்று அவர் முடிவுக்கு வந்ததில் இப்படிப்பட்ட சம்பவங்களுக்குப் பங்கு உண்டு.

அறுவை முடிந்த சிலர் அவரிடம் வந்து, டாக்டர், கை நன்றாகிவிட்டதால் பிச்சை சரியாக விழவில்லை என்று சொன்னார்களாம். வேலை கற்றுக்கொடுக்காமல் கையை மட்டும் சரி செய்து பயன் இல்லை என்று புரிந்து, 1950 வாக்கில் வேலூரில் நவஜீவ நிலையம் தொடங்கினார்கள். மர பொம்மை, தச்சு வேலை என்று அங்கே பயிற்சி. தினமும் கைகளைப் பரிசோதிப்பார்கள். ஒரு சின்னக் கொப்புளம் இருந்தாலும் அது எந்தக் கருவியால், எந்த நேரத்தில் வந்தது என்று தேடுவார்கள். சுத்தியல் பிடியைத் தடியாக்குவார்கள், துணி சுற்றுவார்கள். பிடி அகலமானால் அழுத்தம் பரவும். வலுவைக் கூட்டுவதற்குப் பட்ட பாட்டில் ஒரு பங்கு, வலுவைக் குறைத்துப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதற்கும் ஆனது.

டெய்லர் மாமாவிடமும் இனி ஊசியைத் தொடாதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். காஜாவும் பட்டனும் அவர் மனைவி கைக்குப் போயின. கத்தரிக்கோல் வளையத்தில் பழைய பனியன் துணியைத் தடியாகச் சுற்றிக்கொண்டார். மெஷின் ஓட்டினார். தைக்க ஆள் தயார், தைக்கத் துணி கொடுக்கத்தான் தெருவில் ஆள் இல்லை. ஒரு வருஷம் பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு வேலூர்ப் பக்கம் போனார். மொத்த வியாபாரி ஒருவருக்கு நிஜார் தைப்பதாகக் கேள்வி.

போவதற்கு முன் பலகையைத் துடைத்து, மஞ்சள் துணியில் சுற்றி, எங்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனார். உள்ளே வரவில்லை. அம்மா அதை வீட்டுக்குள் எடுக்கவில்லை. வெளியே கிணற்றடிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். யாரும் தொடக் கூடாது என்றார். அந்த ஐப்பசி மழையில் ஊறி, பிளந்து, அடுத்த கோடையில் வெந்நீர் அடுப்புக்குப் போயிற்று. அம்மா கெட்டவர் இல்லை. பிச்சைக்காரர்களுக்கு முகம் சுளிக்காமல் சோறு போட்டவர். நானும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பயம் இருந்தது என்பதை இந்த வயதில் மறைத்து என்ன ஆகப் போகிறது.

1981-ல் எனக்கு மாற்றல் வந்து வேலூர்ப் பக்கம் ஒரு கிளையில் காசாளராக உட்கார்ந்தேன். ஒருநாள் கவுண்டருக்கு முன் வரிசையில் நரைத்த தலையோடு அவர். பேனாவை விரல்களுக்கு நடுவே வைத்து, கண்ணை எடுக்காமல், நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். கைநாட்டு வைக்கவில்லை. அப்போதெல்லாம் பித்தளை டோக்கன் கொடுப்போம். வழவழப்பான பலகையில் கிடக்கும் டோக்கனைக் கிள்ளி எடுப்பது நல்ல விரலுக்கே சிரமம். அவர் அதை விரலால் ஓரத்துக்கு நகர்த்தி, விளிம்புக்கு வெளியே கொஞ்சம் நீட்டவிட்டு, மேலும் கீழுமாகப் பிடித்து எடுத்தார். அழுத்தாமல்.

நூற்றைம்பது ரூபாய். பதினைந்து பத்து ரூபாய் நோட்டுகள். எண்ணிக் கொடுத்தேன். வாங்கியவர் நகரவில்லை.

"நானும் ஒருக்கா எண்ணிக்கிறேன் தம்பி."

ஒவ்வொரு நோட்டாகப் பார்த்துப் பார்த்து எடுத்தார். பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். நான் அடுத்த டோக்கனைக் கூப்பிடவில்லை. எண்ணி முடித்து மடித்துப் பைக்குள் வைத்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீ அந்த மேட்டு வீட்டுப் புள்ளதானே? அக்கா நல்லா இருக்குதா?"

"நல்லா இருக்காங்க மாமா."

"அந்தப் பலகை இருக்குதா?"

இருக்கிறது மாமா என்றேன்.